ஆற்றங்கரையில் ஒரு பிரெஞ்சுக்காரர்

என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் கிடங்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். எந்தச் சண்டையிலும் அவர் துப்பாக்கி தூக்கியதில்லை. கம்பளியும் சோப்பும் எண்ணிக் கொடுத்தார். ஆனால் நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால், "எங்க பிரான்சுல இப்படி நடக்குமா?" என்பார். அந்த 'எங்க'வில் பஞ்சாலைத் தொழிலாளியின் மகளான நான் சேர்த்தியா என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

டிஜிட்டல் கேமரா எல்லோர் கைக்கும் வரத் தொடங்கிய காலம். தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் வைத்திருக்கும் கயானாவில் என் நாத்தனார் குடும்பம் இருந்தது. ஒருமுறை வந்து போங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போனோம். போன இடத்தில் அவள் வீட்டுக்காரர் எங்களுக்காக ஒரு கலாச்சாரப் பயணம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். முதலில் குட்டி விமானம், பிறகு ஆற்றில் நீளப் படகு, அதன் பிறகு மழைக்காட்டுக்குள் ஒரு பூர்வகுடிக் கிராமம். அங்கே தங்கி அவர்கள் வாழ்க்கையைப் பார்க்கலாம், நடனமும் உண்டு என்றார்.

"நீங்க வரலியா?" என்று நாத்தனாரிடம் கேட்டேன்.

"எனக்கு எதுக்கு அண்ணி அந்தக் கொசுக்கடி?" என்றாள். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

படகில் எங்களோடு பாரிசிலிருந்து வந்த இரண்டு தம்பதிகள் இருந்தார்கள். வழிகாட்டி, தலைமுடியை ரப்பர் பேண்டில் முடிந்த ஒரு பிரெஞ்சுக்காரன். அங்கே சில வருடம் இருந்துவிட்டான் போலிருக்கிறது. காட்டையே பெற்றவன்போலப் பேசினான். இவரோடு குடும்பம் நடத்தியதில் பிரெஞ்சு கேட்டால் எனக்கும் புரியும். இந்த மக்கள் குழந்தைகள் மாதிரி, வெளியுலகம் இவர்களைத் தொடவில்லை என்றான். சொல்லி முடிப்பதற்குள் கரையில் ஒரு வீட்டுக் கூரையில் டிஷ் ஆண்டெனா தெரிந்தது. பாரிஸ் அம்மாள் ஒருத்தி அது படத்தில் விழாதபடி கேமராவைத் தள்ளிப் பிடித்தாள்.

என் கணவர் வழிகாட்டியின் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, "காட்டு ஜனங்கடி. பாத்து நடந்துக்க" என்றார்.

"என்னாத்த பாத்து நடந்துக்கணும்?"

அவர் கேமராக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கிராமத்துப் பிள்ளைகள் கால்பந்து பனியன் போட்டுத் திரிந்தார்கள். கிழவர்கள் சிலர் மட்டும் இடுப்பில் சிவப்புத் துணி கட்டி, மேலே ஒன்றும் இல்லாமல் இருந்தார்கள். அவர்களைத்தான் எல்லோரும் தேடித் தேடிப் படமெடுத்தார்கள். பனியன் போட்ட பிள்ளைகளை ஒருவரும் சீண்டவில்லை.

மறுநாள் காலை என் கணவர் ஆற்றில் குளிக்க இறங்கினார். வீட்டில் குளிப்பதுபோலவே, இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டு. கறுத்த மேனி, நல்ல தொப்பை, முழங்கால் அளவு தண்ணீர். நான் கரையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வளைவில் இன்னொரு சுற்றுலாப் படகு வந்தது. நிறையப் பேர், எல்லோர் கையிலும் கேமரா. படகோட்டியிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, என் கணவரை எடுக்க ஆரம்பித்தார்கள்.

அவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை உயர்த்திப் பிரெஞ்சில் கத்தினார். "நான் பிரெஞ்சுக் குடிமகன். பட்டாளத்தில் இருந்தவன்." மோட்டார் சத்தத்தில் அவர்களுக்கு என்ன கேட்டதோ, சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார்கள். அவர் இன்னும் கத்த, அவர்கள் இன்னும் எடுத்தார்கள். துண்டு நழுவப் பார்க்க, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன்.

"என்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. படம் நல்லா வந்திருக்கும்."

ஊரில் வைத்திக்குப்பம் கடற்கரையில் வலை பிரிக்கிற ஆட்களை வெள்ளைக்காரர்கள் படமெடுத்தால், இவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, இந்த ஜனங்கள் இப்படித்தான் என்று பிரெஞ்சில் விளக்கம் சொல்வார். மீன்காரப் பெண்கள் முறைத்தாலும் நகரமாட்டார். அப்படிப்பட்டவர் அன்று பகல் முழுவதும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. அந்தப் புழுக்கத்தில் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் நடனம். நாங்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பாட்டெடுத்துக் கொடுக்க வேண்டிய வயதான அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது, அவர் இல்லாமல் மற்றவர்கள் ஆடமாட்டார்கள் என்று தெரிந்தது. வழிகாட்டி கெஞ்சினான். குழந்தைகள் மாதிரி என்றவன், இப்போது தாயிடம் மிட்டாய் கேட்கும் பிள்ளைபோல அந்த அம்மா முன்னால் குந்தியிருந்தான்.

அப்போதுதான் என் கணவர் எழுந்தார். காலையில் பட்ட அவமானத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. "பணம் கட்டிட்டுத்தான் வந்திருக்கோம். ஆடச் சொல்லு" என்று பிரெஞ்சில் அதட்டினார். பட்டாளத்தில் தன்னை யாரோ அதட்டிய அதே குரலாக இருக்க வேண்டும்.

அந்த அம்மா பக்கத்திலிருந்த பேத்தியிடம் என்னவோ கேட்டார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த பெண். அவள் மொழிபெயர்த்துச் சொல்ல, அம்மா என் கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். பெண் அதைச் சுத்தமான பிரெஞ்சில் எங்களுக்குச் சொன்னாள்:

"உங்களுக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு, நீங்க ஆடுங்க, நாங்க பாக்கறோம்னு சொல்றாங்க."

கிராமமே சிரித்தது. பாரிஸ்காரர்களும் சிரித்தார்கள். என் கணவர் பெஞ்சில் உட்கார்ந்து, கேமரா உறையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். நடனம் நடக்கவில்லை. மரவள்ளிமாவில் தட்டிச் சுட்ட பெரிய அடையும் சுட்ட மீனும் கொடுத்தார்கள். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் டின் மீனைத் திறந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றார்.

ஊர் திரும்பியதும் சொல்தா நண்பர்களைக் குடும்பத்தோடு அழைத்து, படங்களை டிவியில் போட்டுக் காட்டினார். நான் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வந்து வறுத்து வைத்தேன். தின்றுகொண்டே எல்லோரும் 'அப்படியா, அப்படியா' என்று கேட்டார்கள். அதில் பாதிப்பேர் எந்தக் கண்டம் என்றுகூடக் கேட்கவில்லை. பழங்குடித் தலைவர் தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாராம். விடிய விடிய நடனமாம். கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டதால் அந்தப் படம் மட்டும் இல்லையாம்.

நண்பர் ஒருவரின் மனைவி என் பக்கம் திரும்பி, "டான்சு எப்படிக்கா இருந்திச்சி?" என்று கேட்டாள்.

"ஆடலியே" என்றேன். "அந்தம்மாவுக்கு முட்டி வலி. இவரு அதட்டுனாரு. அப்ப நீயே ஆடுன்னு சொல்லிட்டாங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் மின்விசிறி சத்தம் தவிர வேறு சத்தம் இல்லாத நேரம் அது. ஒருவர் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். என் கணவர் ரிமோட்டை அழுத்தி அடுத்த படத்துக்குப் போனார். ஆறு, மரம், ஆறு. அதில் விளக்குவதற்கு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு பல நாள் அவர் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.