செக்போஸ்ட் அக்காவின் ஒற்றைத் தாள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியைக்குப் பயப்படாத பிள்ளைகள் உண்டு. செக்போஸ்ட் அக்காவுக்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. துப்புரவு வேலைக்கு வந்தவர்தான். மாடிப்படிக்குக் கீழே மூன்று தொட்டிகள் வந்த நாளிலிருந்து, கழுத்தில் விசிலோடு அங்கேயே காவல் நிற்க ஆரம்பித்துவிட்டார். காகிதம் ஒன்றில், பிளாஸ்டிக் ஒன்றில், மிச்சச் சாப்பாடு ஒன்றில். மாற்றிப் போட்டால் விசில் பறக்கும். கடித்த ரொட்டியை உறையோடு போட வந்த கணக்கு வாத்தியாரையே, "சார், ரொட்டி அந்தப் பக்கம், கவர் இந்தப் பக்கம்" என்று நிறுத்தியவர்.

காகிதத்துக்கு மட்டும் தனிச் சட்டம். "ஒரு பக்கம் காலியா இருந்தா அது குப்பையில்ல. தைச்சு ரஃப் நோட்டாக்கு. ரெண்டு பக்கமும் எழுதி முடிச்சப்புறம் தொட்டிக்கு வா."

வீட்டிலும் இதே கெடுபிடிதான். அவர் கணவர், பாவம், காலி ஷாம்பு பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எதில் போடுவதென்று திருதிருவென விழிப்பார். கடைசியில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இவ்வளவு அதிகாரம் செய்தவருக்கு வேலை மட்டும் பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். அந்த வாரம்தான் பணி நிரந்தர ஆணை தபாலில் வந்தது. ஒற்றைத் தாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தலைமையாசிரியையிடம் கொடுக்காவிட்டால் செல்லாது. வெள்ளிக்கிழமை காலையில், வைத்த இடமான அலமாரி மேல் தூசிகூட இல்லை.

"அங்க கிடந்த பேப்பரெல்லாம் நேத்தே பழைய பேப்பர் மூட்டையில போட்டுட்டேன்" என்றார் கணவர், வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகப் பிரித்த பெருமையோடு. மூட்டையை மகள் பள்ளிக்கூடத்துக் காகிதத் தொட்டியில் போடத் தூக்கிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அக்கா பள்ளிக்கு ஓடி வந்து காகிதத் தொட்டியைக் கவிழ்த்தார். இல்லை. பிளாஸ்டிக் தொட்டியையும் கவிழ்த்தார். இல்லை. சாப்பாட்டுத் தொட்டியைக் கவிழ்த்த நேரத்தில் இடைவேளை மணி அடித்துத் தொலைத்தது. பள்ளிக்கூடமே கூடிவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்று, அக்கா கழற்றி வைத்திருந்த விசிலை எடுத்து ஓங்கி ஊதியது.

"அக்கா! எல்லாத்தையும் கலந்துட்டீங்க!"

நான்காம் வகுப்பிலிருந்து மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "என்னம்மா தேடுற?"

"வேலை ஆர்டர்டி! கீழ பச்சை மையில கையெழுத்து போட்டிருக்குமே!"

"அதுவா? பின்பக்கம் காலியா இருந்துச்சு. மூட்டையிலிருந்து எடுத்து ரஃப் நோட்டுல தைச்சுட்டேன். நீதானே சொன்ன?"

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். ஆணை முழுசாக இருந்தது. பின்பக்கத்தில் முதல் பீரியடின் ஆறு வகுத்தல் கணக்குகளும் இருந்தன. மகளை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று புரியாமல், இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

நோட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோன தாளைத் தலைமையாசிரியை படித்தார், திருப்பினார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். போச்சு, என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலாவது கணக்கு தப்பு. மீதி மூணு வரணும். பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று சுழித்துவிட்டு, முன்பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். பிறகு சிரிக்காமல் கேட்டார்: "ரெண்டு பக்கமும் எழுதியாச்சு. உங்க சட்டப்படி இது இப்ப எந்தத் தொட்டிம்மா?"

அந்தக் கேள்விக்கு ஒரு நாளைக்கு நூறு தடவை பதில் சொல்லுகிற அக்காவுக்கு அழுகைதான் வந்தது. தலைமையாசிரியையே தாளில் இரண்டு ஓட்டை போட்டு, பத்திரமாகக் கோப்பில் கோத்துவைத்தார்.