கிணற்றடியில் நான் அணைத்த சூடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். பேனாவை எடுப்பேன், முருகன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் ஒரு படித்த மனுஷரைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள் என்ற பயம். அதில் என் பங்கும் இருக்கிறதே என்ற வெட்கம்.

அறுபதுகளின் கடைசி. அம்பத்தூரில் எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே கிணறு. அதற்குப் பின்னால் இரும்புச் சாமானுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று வந்தது; அதன் கழிவுநீர் அங்கேயே மண்ணில் ஊறும். அப்புறம் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வாரா வாரம் வந்து கிணற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து, குடிக்கிறவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். குளித்து, விபூதி பூசிக்கொண்டு நான்தான் இறைத்துக் கொடுப்பேன். எங்கள் வீட்டில்தான் இட்லி சாப்பிடுவார். அவருக்குக் குழந்தை இல்லை என்று கேட்டு என் மனைவி சஷ்டி விரதம் இருந்தாள்.

மழைக்காலத்தில் அவளுக்கு வாந்தியும் வயிற்று வலியும் கண்டது. எதிர்வீட்டு லாரி டிரைவர், "தண்ணி மஞ்சளா கீது அண்ணாத்தே. நான் கோயில் கிணத்தாண்ட போய் மொண்டுகினு வரேன்" என்றார்.

ஆராய்ச்சிக்காரரிடம் கேட்டேன். "தண்ணியில ஒண்ணுமில்லண்ணே. எல்லாரையும் எப்பவும் போல குடிக்கச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொல்லை நம்பி, கிணற்றடியில் சூடம் ஏற்றி, எல்லோர் எதிரிலும் உள்ளங்கையால் அணைத்து, தண்ணீர் நல்லது என்று சத்தியம் செய்தேன். டிரைவர் சிரித்தார். "சூடமே அணைச்சுட்டாரு, இனிமே அப்பீல் ஏது? மொண்டு குடி நைனா!"

எல்லோரும் குடித்தோம்.

கார்த்திகையில் அவளுக்கு முகம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார். தண்ணீர் நல்லது என்று காட்டலாமே என்று, கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனைத் தாளை வாங்கப் பட்டணத்தில் ஆராய்ச்சிக்காரர் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். அங்கிருந்த உதவியாளர் ஃபைலைப் புரட்டினார். "உங்க கிணறா? ஆடி மாசமே கெட்டுப்போச்சே. சார் சொல்லலையா?"

அந்த நேரம் ஆராய்ச்சிக்காரர் உள்ளே வந்தார். மறைக்கவில்லை. "நடுவுல சொன்னா எல்லாரும் வேற தண்ணிக்குப் போயிடுவாங்கண்ணே, ஆராய்ச்சி பாதியில நின்னுடும். இது நாளைக்குப் பல ஊருக்கு உதவும்."

"என் ஊட்டுக்காரி உங்களுக்குப் புள்ள பொறக்கணும்னு பட்டினி கெடந்தா சார்."

அவர் ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்தார்.

அன்று மாலையே தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். டிரைவர் தன் வீட்டுக் குடத்தை எடுத்துவந்து தெருவில் கவிழ்த்தார். பிறகு, "அந்தாளு சொன்னா நாங்க கேட்டிருப்போமா? நீ சொன்னேன்னுதானே குடிச்சோம்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை அண்ணாத்தே என்று கூப்பிட்டதே இல்லை.

தை பிறப்பதற்குள் அவள் போய்விட்டாள். கடைசி வரை அவளிடம் நான் சொல்லவில்லை. விரதத்துக்குப் பலன் உண்டா என்று அவள் கேட்டபோது, உண்டு என்றேன். முருகன் என்னை மன்னிப்பானோ, தெரியாது.

படிக்கிறவர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவரை ராட்சசன் ஆக்கி என்னை அப்பாவி ஆக்கிவிடாதீர்கள். அவர் என்னிடம் பொய் சொன்னார். அந்தப் பொய்யைத் தெருவுக்குச் சாமி பேரில் கொடுத்தவன் நான்.