வெள்ளைப் பொப்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிங்ஸ்பரியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இன்னும் நிரந்தரமாக்கவில்லை, நவம்பர் முடியத்தான் முடிவு சொல்வார்களாம். என் கணவரின் அகதி விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டு கிடந்தது, அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் என்னுடையதுதான். அதனால் அங்கே ஒரு கோப்பை கைதவறினாலும் எனக்கு நெஞ்சு பதறும்.

நவம்பர் பிறந்ததும் எல்லோருடைய சட்டையிலும் ஒரு சிவப்புக் கடதாசிப் பூ. பொப்பி என்றார்கள். என்ன விசேஷமென்று மனேஜர் அம்மாவிடம் கேட்டேன்.

"போரில செத்த ஆக்களுக்கு, லவ்."

இந்த ஊர்ச் சனம் ஆளை வேலையால் நிற்பாட்டும்போதும் 'லவ்' என்று செல்லமாய்த்தான் தொடங்கும். ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும்.

செத்தவர்களுக்குச் சிவப்பா? எனக்கு மனம் ஒப்பவில்லை. சிவப்பு என்றால் கூறை, குங்குமம். செத்த வீட்டுக்குச் சிவப்பில் போனால், "கலியாணத்துக்கோ வந்தனீங்கள்?" என்று எங்கட பெண்டுகள் வாசலிலேயே கேட்டுவிடுவார்கள். அந்த வருஷந்தான் ஊரில் என் தம்பி ஷெல் விழுந்து செத்திருந்தான். ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் வெள்ளைப் பொப்பி வைத்துக்கொண்டு நின்றாள். "இதுவும் செத்தவைக்கோ?" என்றேன். "எல்லாருக்கும்" என்றாள். அப்பாடா, விஷயம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்று வாங்கிக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அங்கே ஒரு கிழவர், பழைய பட்டாளத்துக்காரர். காலையில் அவருக்குச் சட்டை மாட்டிவிடுவது என் வேலை. பூவைக் கண்டதும் என் கையைத் தட்டிவிட்டார்.

"வெளியில போ. என்ர கூட்டாளிமாரைக் கேலி செய்யிறியோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட வேலை செய்த மலேசியத் தங்கச்சிதான் என்னை ஓரமாய் இழுத்துப் போனாள்.

"என்னாக்கா இது? வெள்ளை, போரே வேணாங்கிறவங்க குத்துற பூ. சில பேருக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. தாத்தா மனேஜர்கிட்ட சொல்லிட்டாருன்னா?"

பூவைக் கழற்றிப் பையில் போட்டேன். ஆனால் அவர் சொல்லிவிட்டார். "ஞாயிற்றுக்கிழமை நினைவுநாள் முடியட்டும், பிறகு கதைப்பம், லவ்" என்றார் மனேஜர் அம்மா. இந்த முறை அந்த 'லவ்' எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் கணவர், "உனக்கேனப்பா உந்தப் பூ வேலை? எங்கட சண்டை காணாதெண்டே இவையின்ரையையும் தூக்கிக்கொண்டு வாறாய்?" என்று சிரித்தார். சிரித்த மனிசன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை ஆள் பற்றாக்குறை. கிழவருக்குக் கோட்டு மாட்ட என்னைத்தான் அனுப்பினார்கள். சிவப்புப் பூவைத் தானே குத்தப் பார்த்தார், ஊசி துணியில் ஏறவில்லை. நான் வாங்கிக் குத்தினேன். குத்தியபடியே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எங்கள் ஊரில் சாவுக்கு வெள்ளைதான் என்றேன்.

"ஆர் செத்தது?"

"தம்பி."

"எந்தப் படை?"

"படையில்லை. மண்ணெண்ணெய் வாங்கப் போனவன்."

ஊசி இறங்கியதும் அவர் பூவை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். மனேஜர் அம்மா கதவடியில் நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். கிழவர் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"இவ நாளைக்கும் வரட்டும். ஆனா உந்த வெள்ளைப் பூவோட வரக்கூடாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "ஓம்" என்று தலையாட்டித் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர்களுக்கு விளங்கியது.

வேலை மிஞ்சியது. வீட்டில் போய்ச் சொன்னதும் கணவர் சாமிப்படத்தைக் கும்பிட்டார். எனக்குக் கை எழவில்லை. தம்பிக்கென்று இந்த ஊரில் நான் செய்தது அந்த ஒரு பூதான். அதையும் இனிச் செய்யமாட்டேன் என்றல்லவா சொல்லிவிட்டு வந்திருந்தேன்.