சீனித்தாயின் நாடி

நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவளை நான் கண்ணால் பார்த்தேன். இந்த வலது கை விரல்களால் தொட்டேன்.

1976, ஏப்ரல் 23, வெள்ளிக்கிழமை. தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டிய ஓர் உப்பளத்தில் நான் கம்பவுண்டர். பெயர் ஜெபசீலன், சொந்த ஊர் நாசரேத். உப்பில் கால் வெடித்தவர்களுக்குக் களிம்பு, கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதுதான் என் வேலை. உயிர் போகிற காரியம் எதுவும் அதுவரை என் கைக்கு வந்ததில்லை.

மத்தியானம் மூன்றரைக்கு மேற்கே கருத்தது. கோடை மழை இறங்கினால் வாரி வைத்த உப்பெல்லாம் கரைந்துவிடும். கங்காணி செல்வதுரை எல்லாரையும் விரட்டி உப்புக் குவியலுக்கு ஓலை மூடச் சொன்னார். வெட்டவெளி. சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. அந்தக் குவியல்தான் அங்கே உயரம்.

நாலு மணி பத்து நிமிஷம். நான் மருந்து அறை வாசலில் நின்றிருந்தேன். முதலில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. அப்புறம் காதில் ஒரு ரீங்காரம் மட்டும்.

ஓடினேன். குவியலைச் சுற்றி நாலு பேர் விழுந்து கிடந்தார்கள். முடி கருகிய வாடை.

சங்கரம்மாளின் கழுத்தில் சங்கிலி கிடந்த இடம் முழுக்க வரிசையாகக் கொப்புளம். அவள் மகனுக்கு இரண்டு காதிலும் ரத்தம். காசிலிங்கம் என்ற பெரியவருக்கு இடுப்புக்குக் கீழே கால்கள் நீலமாகிச் சில்லிட்டிருந்தன. “என் காலு எங்கய்யா, என் காலு எங்க” என்று அலறிக்கொண்டிருந்தார். மூன்று பேரும் அலறினார்கள்.

நாலாவது ஆள் சத்தமே போடவில்லை. சீனித்தாய். வேம்பார்க்காரி, இருபத்து நாலு வயசு. மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. கருவிழி அகலமாக விரிந்து அசையாமல் நின்றது. ரவிக்கை கிழிந்த தோளில் பெரணி இலையை வரைந்தது போலச் சிவப்புக் கோடுகள் கிளை பிரிந்து ஓடின.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இல்லை. இன்னொரு கையைப் பிடித்தேன். அதிலும் இல்லை.

வாயோடு வாய் வைத்து ஊதும் முறை எனக்குத் தெரியும். துறைமுகத்தில் முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். செய்யவில்லை. சுற்றி இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் பெண்டாட்டி. அதோடு மற்ற மூன்று பேரும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

“இவ போயிட்டா” என்றேன்.

“நல்லாப் பாத்தீயளா?” என்றார் செல்வதுரை.

“பாத்தாச்சு. மத்த மூணு பேரையும் தூக்குங்க.”

போலீஸ் வராமல் பிணத்தை எடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான்தான் அவள்மேல் சாக்கைப் போர்த்தினேன். செல்வதுரையைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, மூன்று பேரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மழை அப்போதுதான் கொட்டத் தொடங்கியது.

ஆறு மணிக்குள் மூன்று பேருக்கும் கட்டுப் போட்டாகிவிட்டது. காசிலிங்கத்தின் கால் மெல்ல நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் நின்று கை கழுவினேன்.

நர்ஸ் ஞானசௌந்தரி வெளியே வந்தாள்.

“நாலாவது ஆள ஏன் உக்கார வச்சிருக்கிய? உள்ள அனுப்புங்க.”

“மூணு பேருதாம்மா கூட்டிட்டு வந்தேன்.”

“அப்ப அது யாரு? கம்பவுண்டரய்யாதான் பாக்கணும், வேற யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லுதா.”

வராந்தாக் கோடியைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மணி பார்த்தேன். ஆறு இருபது. மின்விளக்கு மங்கி மங்கி எரிந்தது. கோடியில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெண், முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சேலையில் ஒரு துளி ஈரம் இல்லை.

முடி கருகிய வாடை.

சீனித்தாய்…

கண் இமைக்கவில்லை. அதே விரிந்த கருவிழி. தோளில் இருந்த சிவப்புக் கோடுகள் இப்போது கன்னம்வரை ஏறியிருந்தன.

“கம்பவுண்டரய்யா… இன்னொருக்கா பாருங்க.”

கையை நீட்டினாள். ஓட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் கை போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லிட்டிருந்தது. நாடி இல்லை.

“அங்கன இல்ல.”

என் விரலைப் பிடித்தாள். மெதுவாக மேலே கொண்டுபோனாள். தாடைக்குக் கீழே, கழுத்தின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள்.

“இங்கன.”

டக்… டக்… டக்…

துடித்தது.

என் விரலுக்கடியில் தெளிவாகத் துடித்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக்… டக்…

இடைவெளி நீண்டது.

டக்…

காத்திருந்தேன்.

அடுத்தது வரவில்லை.

விளக்கு அணைந்தது. எரிந்தது.

பெஞ்சில் யாரும் இல்லை. என் இரண்டு விரல்கள் மட்டும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன.

மணி ஆறு இருபத்தைந்து.

லாரிக்காரரை விரட்டிக்கொண்டு உப்பளத்துக்குத் திரும்பினேன். போய்ச் சேரும்போது ஏழு ஆகிவிட்டது. செல்வதுரை மருந்து அறை வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். இடி பயத்தில் குவியல் பக்கமே போகவில்லை என்றார்.

டார்ச்சோடு தனியாகப் போனேன். சாக்கு நான் போர்த்தியபடி இல்லை. முகம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தேன். இப்போது அது நெஞ்சுக்குக் கீழே கிடந்தது. காற்றில் விலகியிருக்கலாம். ஆனால் நனைந்த சாக்கு எவ்வளவு கனம் என்று உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கழுத்தில் விரலை வைத்தேன். துடிப்பு இல்லை.

ஆனால் மூன்று மணி நேரம் மழையில் கிடந்த அந்தக் கழுத்து… கதகதப்பாக இருந்தது.

அதை நான் போலீஸிடம் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. “இடி விழுந்தவுடனே போயிட்டா” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மாதம் கழித்துத் துறைமுகத்தில் மறுபடியும் ஒரு முதலுதவி வகுப்பு. சென்னையிலிருந்து வந்த டாக்டர், பேச்சுவாக்கில் மின்னலைப் பற்றிச் சொன்னார். மின்னல் தாக்கினால் கை கால்களின் ரத்தக் குழாய்கள் சில மணி நேரம் சுருங்கிக்கொள்ளுமாம். உயிர் இருக்கும், மணிக்கட்டில் நாடி கிடைக்காது. கருவிழி விரிந்திருப்பதை வைத்தும் முடிவு கட்டக் கூடாதாம். கழுத்தில்தான் பார்க்க வேண்டும்.

“அலறுகிறவன் மூச்சு விடுகிறான். அவன் பிழைத்துக்கொள்வான். செத்தவன் போலக் கிடக்கிறானே, அவனிடம் முதலில் போங்கள்” என்றார்.

எல்லாரும் குறிப்பு எழுதினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் வேம்பாருக்குப் பஸ் ஏறினேன். சீனித்தாயின் புருஷன் மாசானம் வீட்டு முற்றத்தில் கட்டில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் தெரிந்து எழுந்தான். உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை.

“மாசானம், அன்னைக்கு நான் அவ கையத்தான் புடிச்சுப் பாத்தேன். கழுத்துல பாக்கல. பாத்திருந்தா ஒருவேள…”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

அவன் கயிற்றின் நுனியை முடிச்சுப் போட்டு முடித்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு இங்க தாக்கல் சொல்ல ஆள் வாரதுக்கு முந்தியே, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து அவளே சொல்லிட்டா.”

பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான்.