அரிசி மில்லுக்கு ஒரு ஹாக்கி டீம்

ஹாக்கி டீமுக்கு மேனேஜராக இருப்பது கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற வேலை மாதிரி. பசி நமக்கு, இலை மற்றவர்களுக்கு. பஜனை கோஷ்டியோ, நாடக சபாவோ, வாலிபர் சங்கமோ நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. "எனக்கும் இப்படித்தான்யா நடந்தது" என்று நீங்கள் பெருமூச்சு விட்டால் அதுவே எனக்கு ஆறுதல். பெரிய உலகச் சண்டை முடிகிற சமயத்தில் ஆரம்பித்து, சுதந்திரம் வந்து சில மாதங்கள் வரைக்கும், திருத்தணியில் ஓர் அரிசி மில்லின் ஹாக்கி டீமை நான் கட்டி மேய்த்தேன். சம்பளத்துக்கு ஆடுகிற டீம். ஆள் எடுப்பது, யார் எங்கே நிற்பது என்று பார்த்துக்கொள்வது, தோற்ற பிறகு முதலாளி முன்னால் போய் நிற்பது, மூன்றும் என் வேலை.

வேலைக்குப் போனது

முதலாளியை ஊரில் மில் நாயுடு என்பார்கள். சண்டைக் காலத்தில் அரக்கோணத்தில் பட்டாளத்துக்காரர்கள் ஆடிய ஹாக்கியை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து நெல் வியாபாரம் அவருக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. தன் மில்லின் பேரில் ஒரு டீம் இருக்க வேண்டும், அது ரயில்வே டீமை ஜெயிக்க வேண்டும், அந்தச் சேதி மெட்ராஸ் பேப்பரில் வர வேண்டும். ஆடத் தெரிந்தவனுக்கெல்லாம் மில்லில் வேலை என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லி அனுப்பினார்.

நான் மணவூரிலிருந்து ரயிலேறிப் போனேன். ஹைஸ்கூலில் லெஃப்ட் இன் ஆடியவன். அதாவது முன்வரிசை ஐந்து பேரில் நடு ஆளுக்கு இடது கைப்பக்கம் நிற்பவன். அந்த இடத்தைத் தவிர வேறு எதன்மேலும் எனக்கு அப்போது ஆசை கிடையாது. ஸ்டிக்கைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். நாயுடு அதைப் பிரிக்கக்கூடச் சொல்லவில்லை. "இங்கிலீஷ் எழுதுவியா?" என்றார். "ஆங், எழுதுவேனுங்க" என்றேன். ரயில்வேகாரர்களை மேட்ச்சுக்கு அழைத்து ஒரு லெட்டர் எழுதச் சொன்னார். எழுதினேன். அவருக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஆனால் வளைத்து வளைத்துப் போட்ட என் கையெழுத்து பிடித்துப்போய்விட்டது. அந்த நிமிஷமே மேனேஜர் ஆக்கிவிட்டார். நான் ஆட வந்தவன் என்று மென்று விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"ஆடறதுக்கு ஆயிரம் பேர் வருவான் நைனா. இங்கிலீஷ்ல சண்டைக்குக் கூப்பிடறதுக்கு நீ ஒருத்தன்தானே இருக்கே!"

சென்டர் ஃபார்வர்ட் கேட்டுப் போனது

நடுவில் நின்று கோல் போடுகிறவன் இல்லாமல் டீம் ஏது? அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் டெனிஸ் என்று ஓர் ஆங்கிலோ இந்தியப் பையன் இருக்கிறான், பந்து அவன் ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு வரும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து இறந்துபோனவர். அம்மா வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். டெனிஸ் உள்ளே ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழை பெய்கிற ஏதோ சீமைத் தெரு. அந்த ஊரை அவனும் பார்த்ததில்லை, அவன் அம்மாவும் பார்த்ததில்லை, அந்த அம்மாவின் அம்மாவும் பார்த்ததில்லை. ஆனால் அதைத்தான் அவர்கள் வீட்டில் 'ஊர்' என்பார்கள்.

மில்லில் மூட்டை எடை பார்க்கிற உத்தியோகம், சாயங்காலம் ஆட்டம் என்றேன். பையன் உடனே சரி என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அந்த அம்மா என்னைக் கோழிக்கூண்டுப் பக்கம் அழைத்துப் போய்ச் சொன்னார்:

"பாரு மேன், பந்து அவன்கிட்ட இருக்கிற வரைக்கும்தான் அவன் உன்கூட இருப்பான். பந்து போச்சுன்னா அவன் சீமைக்குப் போயிடுவான், உடம்பு மட்டும் இங்க நின்னுகினு இருக்கும்."

கோல் கீப்பரின் மனக்குறை

கோல் கீப்பர் தணிகாசலம் மலைக்கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்துப் பிள்ளை. தலைமுறை தலைமுறையாகச் சாமிக்குப் பொங்கல் கிண்டிய வம்சம். தோளும் மார்பும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றால் பந்து நுழைய இடம் தேட வேண்டும். அதனால்தான் நானே அவனை அங்கே நிறுத்தினேன். அவன் ஆசையோ முன்வரிசை. எல்லோரும் கோல் போட ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, காலில் கட்டிய பேடோடு, அவனும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வருவான். நான் வெளியிலிருந்து கத்துவேன். திரும்பிப் போவான். மறுபடி வருவான்.

ஆர்.கே.பேட்டை நெசவாளர் டீமோடு ஆடிய அன்று பந்து அவன் காலில் பட்டு நின்றது. அடித்து வெளியே தள்ள வேண்டியவன், அதை உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கோல் கீப்பர் இப்படி வருவான் என்று யார் எதிர்பார்த்தார்கள்? பாதி மைதானம் வரைக்கும் அவனை யாரும் தடுக்கவே இல்லை. அவன் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு ஒருவன் பந்தைத் தட்டிப் பறித்தான், திரும்பிப் பார்த்தான், எங்கள் கோல் திறந்த வீடாகக் கிடந்தது. நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தான். ஆட்டம் முடிந்ததும் நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். தணிகாசலம் பேடைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்தான்.

"எப்பப் பாத்தாலும் மூலவராட்டம் உள்ளயே நிக்க வெக்கிறீங்க சார். ஒருநாளாவது உற்சவரா வெளிய வரணும்னு எனக்கு மட்டும் இருக்காதா?"

சுபேதார் போன விதம்

ஆட்டம் சொல்லிக்கொடுக்க நாயுடு வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சுபேதாரை வரவழைத்தார். பட்டாளத்தில் ஆடியவர், நல்ல மனுஷர். காலையில் ஓட விடுவார், சாயங்காலம் ஆட விடுவார். யார் எந்த இடத்துக்கு லாயக்கு என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். டெனிஸ் நடுவில். நாயுடுவின் மச்சினன் கோவிந்து, ஆட்டத்துக்கு வெளியில்.

கோவிந்து அன்று இரவே சாப்பாட்டில் உட்கார்ந்து, "பாவா, எனக்கு நடுவுல நிக்கணும் பாவா" என்றிருக்கிறான். வீட்டுக்காரம்மாவும் தம்பிக்குப் பரிந்து பேசியிருக்கிறார். மறுநாள் கோவிந்து சென்டர் ஃபார்வர்ட், டெனிஸ் பின்வரிசைக்குப் போனான். நான் நாயுடுவிடம் எடுத்துச் சொன்னேன். "நீ வீட்ல வந்து சொல்லு பாக்கலாம்" என்றார். மூன்று மேட்ச் அப்படியே தோற்றோம். ஒவ்வொன்றிலும் டெனிஸ் பின்னாலிருந்து எதிர் கோலையே பார்த்துக்கொண்டு நின்றான், ரயிலை விட்டவன் தண்டவாளத்தைப் பார்க்கிற மாதிரி. மூன்றாவது தோல்விக்கு மறுநாள் சுபேதார் டிரங்குப் பெட்டியோடு மில் வாசலில் வந்து நின்று, நாயுடுவுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"பல்டன்ல ஒரு கர்னல் இருந்தான், மீதி எல்லாம் சிப்பாய். இங்க உங்க வீட்டோட சேர்த்து எல்லாரும் கர்னலுங்க. எனக்குன்னு ஒரே ஒரு சிப்பாய் கெடச்சா ஆள் அனுப்புங்க, அடுத்த ரயில்ல வந்துடறேன்."

நான் ஆடிய நாள்

சுபேதார் போன பிறகு கோவிந்துவுக்கு ஆட்டம் சலித்துவிட்டது, டெனிஸ் நடுவுக்குத் திரும்பினான். அந்தச் சமயம் திருவாலங்காட்டு வாலிபர்களோடு ஒரு மேட்ச். எங்கள் லெஃப்ட் இன்னுக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லை. மேனேஜர் என்கிற முறையில் நானே என்னைக் கூப்பிட்டு, நானே என்னைச் சேர்த்துக்கொண்டேன். முந்தின நாள் ஸ்டிக்குக்கு எண்ணெய் போட்டுவிட்டு அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எனக்கான இடத்தில் சரியாக நின்றேன். ஆட்டமெல்லாம் வலது பக்கமே நடந்தது. டெனிஸுக்குப் பந்தை வலது பக்கம் தள்ளித்தான் பழக்கம். நான் கூப்பிட்டேன், கை காட்டினேன், இடத்தை விட்டு நகராமல் காத்திருந்தேன். கடைசியில் ஒரே ஒரு தடவை பந்து என்னை நோக்கி உருண்டு வந்தது. குனிந்தேன். விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். முழு நேரமும் என் பக்கத்தில் நின்றிருந்த திருவாலங்காட்டு ஆள் வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டே அக்கறையாக விசாரித்தார்:

"ஆட்டம் பூரா நின்னுகினே இருந்தீங்களே, யாராவது வரேன்னு சொல்லியிருந்தாங்களா சார்?"

கிருத்திகை மேட்ச்

ஒருவழியாக ரயில்வே டீம் எங்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டது. ஜனம் வேண்டும் என்பதற்காக நாயுடு ஆடிக் கிருத்திகை அன்றே மேட்ச்சை வைத்தார். ஜனத்துக்கு என்ன பஞ்சம்? மலையடிவாரம் முழுக்க மொட்டைத் தலையும் மஞ்சள் துணியும் பூக்காவடியும்தான். எங்கள் மைதானத்தைச் சுற்றியும் கூட்டம் நெரிந்தது. ஹாக்கி என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட, யாராவது ஓடினால் அரோகரா போட்டார்கள். அந்தச் சத்தத்தில் எங்கள் ஆட்களுக்கு என்னவோ வந்துவிட்டது. தணிகாசலம் மலை மாதிரி நின்றான். டெனிஸ் நாலு பேரைத் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. நாயுடு என் தோளைப் பிடித்திருந்தார்.

அப்போது மேளத்தோடு ஒரு காவடிக் கூட்டம் குறுக்கு வழியென்று மைதானத்துக்குள் இறங்கியது. அவர்கள் பின்னால் இன்னொரு கூட்டம். நடுவர் விசிலை ஊதி ஊதிப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினார். காவடி போய் முடிவதற்குள் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. மேட்ச் முடியவில்லை, ஆகவே கணக்கில் இல்லை என்று சொல்லிவிட்டு ரயில்வேகாரர்கள் வண்டி பிடிக்கப் போய்விட்டார்கள். நான் மழையிலேயே நின்றுகொண்டிருந்தேன். காவடியைத் தோளிலிருந்து இறக்காமலே ஒரு பெரியவர் என்னிடம் வந்து, யார் ஜெயித்துக்கொண்டிருந்தது என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். மலையை ஒரு தடவை பார்த்தார்.

"சாமிதான் மேலேர்ந்து பாத்துகினு இருந்தாரே. அப்புறம் எவன் கணக்குல எழுதினா என்னா, எழுதாகாட்டி என்னா?"

டெனிஸ் கிளம்பினான்

சுதந்திரம் வந்த பிறகு அரக்கோணம் குடியிருப்பில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். டெனிஸின் அம்மாவும் கோழிகளைக் கொடுத்துவிட்டார். கிளம்புகிற அன்று டெனிஸ் எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளத் திருத்தணி வந்தான். தணிகாசலம் மலையிலிருந்து பிரசாதம் வாங்கி வந்து கொடுத்தான். நான் அரக்கோணம் வரைக்கும் கூடவே போனேன். பம்பாய் வண்டி. அங்கிருந்து கப்பல்.

எங்களிடம் வந்த புதிதில் அவன் பூட்ஸ் போட்டுத்தான் ஆடுவான். அது கிழிந்தபோது சண்டைக் காலத் தட்டுப்பாடு தீரவில்லை, புதிது கிடைக்கவில்லை. மற்றவர்கள் மாதிரியே வெறுங்காலோடு ஆடிப் பழகி, பிறகு பூட்ஸ் கிடைத்தும் போடவில்லை. அன்றைக்கு ரயிலில் புது பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். பிறந்ததிலிருந்து ஆசைப்பட்ட ஊருக்குப் போகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பிளாட்பாரத்தையே பார்த்தான். அங்கேயும் ஹாக்கி இருக்கும், கவலைப்படாதே என்றேன். வண்டி நகர்ந்தபோது பதில் சொன்னான்:

"இருக்கும் மேனேஜர். ஆனா அங்க தரையெல்லாம் சில்லுனு இருக்குமாம், வெறுங்காலோட ஆட முடியாதாம்."

கடைசியாக நாயுடு கேட்டது

அவன் இடத்துக்கு ஆள் தேடி வேலூர், சித்தூர், மெட்ராஸ் என்று அலைந்தேன். வந்தவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், ஆனால் ஒருவனும் நிலைக்கவில்லை. அதற்குள் நாயுடு ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் விட ஆரம்பித்து, அந்த மும்முரத்தில் இருந்தார். ஒவ்வொருவராகப் போனார்கள். தணிகாசலம் மலைக்கே திரும்பி மடைப்பள்ளியில் சேர்ந்தான். அறுவடை வந்தபோது, சும்மாக் கிடக்கிறதே என்று மைதானத்தில் நெல்லைக் காயப் போட்டார்கள்.

ஒரு சாயங்காலம் நானும் நாயுடுவும் நெல் ஓரமாக நின்றிருந்தோம். ஆட்கள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு மைதானத்தின் நீளத்துக்கும் போய்ப் போய் வந்தார்கள். நாயுடு அதையே ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்பா, நம்ம டீமு எங்கயாவது ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சுதா?" என்றார். இல்லீங்க என்றேன். அவர் நம்பவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மில்லைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டு நின்றார்.

"என்னமோ நைனா, ஜெயிச்சாப்பலயே ஒரு ஞாபகம் இருக்குது எனக்கு."

ஜெயித்த டீமின் மேனேஜருக்கு ஒரு கோப்பை மிஞ்சும், எனக்கு மிஞ்சியது ஆசை மட்டும்தான். அதில் ஒரு சௌகரியம், அடிக்கடி எடுத்துத் துடைத்து வைக்கிற வேலை கிடையாது, தானாகவே பளபளவென்று இருக்கிறது.