பெயர் கேட்ட டிஸ்க்

"...பேரு கேக்குதா? நேத்து பொறந்த புள்ளைக்கு ஏது தம்பி பேரு? பேரு இருந்தா அது ஏற்கனவே ஞானஸ்நானம் வாங்கினதுலா!" என்று எங்கள் தேவாலய அலுவலகத்தில் டைப் செய்யும் மேரியக்கா சிரித்தபோது, என் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

எண்பதுகளின் கடைசி அது. அலுவலகக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை நான்தான் பொருத்தினேன். புத்தகம் பார்த்தே கற்றுக்கொண்டவன் நான். பழைய டிஸ்க் C என்றால் புதியது D தானே என்று, D-யைத் துடைத்துத் தயாராக்கும் ஃபார்மட் கட்டளையைக் கொடுத்தேன். "இதன் இப்போதைய பெயர் என்ன?" என்று கேட்டது. வெறுமனே என்டர் தட்டினேன், முடியாது என்றது. ஏதோ ஒரு பெயரைக் கொடுத்தேன், அதற்கும் முடியாது. எரிச்சலோடு அக்காவிடம் புலம்பினேன்.

"ஆமா, எந்த டிஸ்க்கு?"

"D, அக்கா."

அக்காவின் சிரிப்பு நின்றது. "ஐயோ, அதுக்கு ஸ்டெல்லான்னு பேரு வெச்சதே நான்தான்!"

முதலில் கம்ப்யூட்டரை அமைத்தவர் பழைய டிஸ்க்கையே C, D என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். நான் பொருத்திய புது டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் இன்னும் கண்டுகொள்ளவே இல்லை. சிராங்கூனிலிருந்து செம்பவாங் வரை அக்கா வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த, எங்கள் தேவாலயத்தைச் சேர்ந்த பங்குக் குடும்பங்களின் பட்டியல், எட்டு மாத உழைப்பு, அந்த D-யில்தான் இருந்தது. வேறு நகல் கிடையாது. சரியான பெயரைச் சொன்னால்தான் அழிக்கும்; எனக்கு அது தெரியாததால் பட்டியல் பிழைத்தது.

இப்போதெல்லாம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எந்த டிஸ்க்கையும் நான் ஃபார்மட் செய்வதில்லை.

அக்கா அன்று என்னைத் திட்டவில்லை. "நவுருங்க தம்பி" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியல் முழுவதையும் ஃப்ளாப்பிகளில் நகல் எடுத்து, அவற்றைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே எழுந்தார்.