படங்குக்குள் வளைந்த வெளிச்சம்

பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் மூன்றாம் வருசம் படித்தபோதுதான் ஒளியியல் நார் எனக்குப் பிடித்துப்போனது. தலைமயிர்போல மெல்லிய கண்ணாடி இழை. ஒரு முனையில் விட்ட வெளிச்சம், இழை வளைந்து போனாலும் பக்கத்தால் தப்பாமல் மற்ற முனையில் வந்து நிற்கும். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும். எனக்கு விளங்கியதைத் தோழிக்குத் தமிழில் சொல்வேன். அவள் பிழை பிடிப்பாள். அப்படித்தான் இரண்டுபேரும் படித்தோம்.

அப்பாவுக்குத்தான் விளங்கப்படுத்த முடியவில்லை. மயிலிட்டியில் அவருக்குக் கடற்றொழில். யாரும் கேட்டால், "பிள்ளை லைற் படிக்கிறாள்" என்பார். அதை நம்பி அயலட்டையில் ஒருவர் மின்விசிறி திருத்த என்னைக் கூப்பிட்டும் இருக்கிறார்.

அந்த வருசம், பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்துகாட்டும்படி விரிவுரையாளர் எங்களை அனுப்பினார். தோழி பண்டத்தரிப்புக்காரி, தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே போவோம் என்றாள். சோடாப் போத்தல் ஒன்றின் அடிப்பக்கத்தில் சூடாக்கிய ஆணியால் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பினோம். எதிர்ப்பக்கத்திலிருந்து லேசர் லைற்றை அடித்தால், வளைந்து விழும் தண்ணீரோடு வெளிச்சமும் வளைந்து இறங்கும். ஆய்வுகூடத்தில் முதல்தரமே சரிவந்தது. அந்தத் துணிவில் தோழி பள்ளிக்கூட அதிபரிடம், "வெளிச்சத்தை வளைச்சுக் காட்டுறம், மிஸ்" என்று பெரிதாகச் சொல்லிவிட்டாள்.

மண்டபத்துக்கு அரைச்சுவர்தான். நாலு பக்கமும் வெயில் வந்து விழுந்தது. போத்தலால் தண்ணீர் சீறி வாளிக்குள் விழ, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, தண்ணி மட்டும்தான் தெரியுது" என்றாள் முன்வரிசையில் இருந்த சிறுமி.

"பொறுங்கோ, இப்ப தெரியும்" என்று தோழி சமாளித்தாள். அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேறு வழி தோன்றாமல் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். கடலால் வந்து படுத்திருந்தவர் நித்திரைக் குரலில் கதைத்தார்.

"அப்பா, எங்கடை பெரிய கறுத்தப் படங்கைப் பண்டத்தரிப்புப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாறீங்களோ?"

"ஏன், அங்கை மழையோ?"

"இல்லையப்பா. இருட்டு வேணும்."

அரை மணித்தியாலத்தில் அவர் வள்ளம் மூடுகிற தார்ப்பாய்ப் படங்கோடும் கயிற்றோடும் ஓட்டோ பிடித்து வந்து இறங்கினார். ஓட்டோக்காரரும் கைகொடுக்க, தூண்களில் இழுத்துக் கட்டி, மண்டபத்து மூலையில் கூடாரம்போல ஒன்றைச் செய்துவிட்டார். முதலில் நுழைந்த பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள்.

"ஐயோ, மீன் நாறுது!"

"மூக்கைப் பொத்துங்கோ, கண்ணைத் திறவுங்கோ" என்றார் அப்பா.

லேசரை அடித்தேன். பச்சை வெளிச்சம் தண்ணீரோடு வளைந்து இறங்கி, ஒரு பிள்ளை நீட்டிய உள்ளங்கையில் விழுந்து மினுங்கியது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்புகளும் எழும்பி வந்துவிட்டன.

அப்பா குனிந்து பார்த்தார். "உது ஏன் பிள்ளை நேரை போகேல்லை?"

நான் வாய் திறக்கமுதல் அந்த முன்வரிசைச் சிறுமி முந்திக்கொண்டாள். "வெளியாலை போகத்தான் பாக்குது. தண்ணி விடுதில்லை. திருப்பித் திருப்பி உள்ளுக்கை அனுப்புது."

முழு அகத்தெறிப்பு என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியது அதுதான். தோழி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இடைவேளை மணி அடித்தும் ஒருவரும் விளையாடப் போகவில்லை. வாளித் தண்ணீரை மறுபடி மறுபடி போத்தலுக்குள் ஊற்றினோம். அதிபரும் வந்து கை நீட்டினார். அடுத்த கூட்டத்தைக் கூப்பிட நிமிர்ந்தால், பிள்ளைகளின் வரிசையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா நிற்கிறார்.

"நீங்கள் பாத்திட்டீங்களெல்லே?"

"ஓட்டோக்காரத் தம்பி இடையிலை நிண்டவர். எனக்கு வடிவாத் தெரியேல்லை."

தோழி அவருக்கு வழிவிட்டாள். இந்தமுறை அப்பா இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார்.